சித்தியார் அளவையும் சிவஞானபோத முதனூல் வழக்கும்



சிவஞான சித்தியார் சுபக்கத்தில், மங்கல வாழ்த்தினை அடுத்து, அருணந்தி சிவாசாரியர் அளவை இலக்கணத்தைப் பதினான்கு செய்யுட்களால் வகுத்தோதி, அதன் பின்னரே முதற்சூத்திரப் பொருளைத் தொடங்குகின்றார். மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தில் இவ்வியல் தனியே கூறப்பட்டிலது. ஆசிரியர் தனித்தோதாத ஒன்றை மாணாக்கர் தம் நூலின் தலைக்கண் வைத்தது என்னையெனின், பதி உண்டென்பதும், பசுக்கள் பலவென்பதும், பாசம் அநாதியென்பதும் இனி நிறுவப்படும் பொருள்களாகலின், நிறுவுதற்குரிய கருவி இதுவென முன்னர்க் காட்டாது பொருளைக் கூறப்புகின், கேட்போன் உடன்படுதற்கும் மறுத்தற்கும் நிலைக்களம் இன்றாய்விடும் என்பது கருதியென்க.

இப்பதினான்கு செய்யுளும் பாடஞ்சொல்லும் இடங்களிற் படும்பாட்டை யாம் அறிவோம். "இது தருக்கநூற் பகுதி, பின்னர் நோக்கிக்கொள்க" என்று கூறி முதற்சூத்திரத்திற்குச் சென்றுவிடுதல் பெருவழக்கு. பின்னர் நோக்குவார் ஒருவரையும் காண்டல் அரிது. யானும் பலகால் அங்ஙனமே செய்துளேன். அதனால் விளைந்த இடர் இன்னதென்பதை எனக்கு உணர்த்தியது ஒரு மாணாக்கனின் வினா. அதனைக் கூறுமுன் அளவையிலக்கணத்தில் இக்கட்டுரைக்கு வேண்டுமளவே எடுத்துக்கொள்வாம்.

அளவைகளைப் பத்தென எண்ணுவாரும் உளர். சித்தாந்தம் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். காண்டலாவது ஐயமும் திரிபும் நீங்கி அறிவது. கருதலாவது கண்டதொன்றை ஏதுவாகக்கொண்டு காணாததொன்றைத் துணிவது. அவ்வேது மூன்று வகைப்படும். புகையால் எரியைத் துணிதல் காரிய ஏது, குளிரின்மையாற் பனியின்மையைத் துணிதல் அநுபலத்தி ஏது, மற்றொன்று இயல்பேது. ஏது மெய்யாயின் அது துணிபொருள் உள்ள இடமாகிய சபக்கத்திற் காணப்படல் வேண்டும். அஃதில்லாத இடமாகிய விபக்கத்திற் காணப்படாதொழிதல் வேண்டும். இரண்டிடத்துஞ் சென்று பொருந்துவது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாம். புகை அடுக்களையினும் உண்டு, நீர்நிறைந்த மடுவினும் உண்டு எனின், புகையைக்கொண்டு எரியைத் துணிதல் எவ்வாறு?

உரையளவை என்பது பற்றிச் சிறிது நின்று ஆராய்தல் வேண்டும். தருக்க சங்கிரகத்தைத் தமிழிற் பெயர்த்துதவிய மாதவச் சிவஞான யோகிகள் வாயிலாகத் தமிழ் மாணாக்கர் அறிந்தபடி, உரைமை அளவையாவது மெய்யுணர்ந்து உள்ளவாறு கூறுவானாகிய ஆப்தனது வாக்கு. பத்தளவையுள் ஐதிகம் என ஒன்று எண்ணப்பட்டது. இன்னார் கூறினார் என்னும் முதலின்றி, உலகோர் தொன்றுதொட்டுக் கூறிவருவது அது. இந்த மரத்திற் பேய் உண்டு என்று ஊரார் கூறுதலை மணிமேகலை அதற்கு எடுத்துக்காட்டாக வைத்துளது. ஐதிகம் உரையின்பாற்படும் என்பர். ஆயினும் உரையின்பாற்பட்டது கொண்டே அது ஆகமத்தோடு ஒப்ப நிற்கும் என்று கொள்ளல் பிழை. கூறினோன் ஆப்தன் என்பது தெளியப்பட்டவழியே அதற்கு அளவையாந் தன்மை உண்டு. நம்முள் நிகழும் வழக்குக்கள் பலவற்றில், ஐதிகம் ஆகமத்தின் ஆடையை உடுத்து வந்து முன்னிருக்கையில் அமர்ந்துவிடுகின்றது.

இனி அம்மாணாக்கன் வினா. சில யாண்டுகட்கு முன்னர்ப் போதம் பாடஞ்சொல்லும்போது, "இது இரௌரவாகமத்துப் பாசவிமோசனப் படலத்துள்ள பன்னிரண்டு வடமொழிச் சூத்திரங்களின் மொழிபெயர்ப்பு" என்று யான் என் ஆசிரியன்மார்பாற் கேட்டவாறே கூறினேன். கேட்டிருந்தவருள் இளையான் ஒருவன், "ஐயா, அப்படலத்தைத் தாங்கள் கண்டதுண்டோ?" என்றான். அவன் வினவியதிற் குறும்பு இல்லை. அப்படலத்தின் முன்பின் யாது உள்ளது என்று அறியும் ஆவலே இருந்தது. யான் கண்டதில்லை. என் ஆசிரியரும் கண்டதாகக் கூறியதில்லை. "பெரியோர் கூறியுளர்" என்று விடையிறுத்து மேலே சென்றேன். அன்றிரவு துயில் கொள்ளவில்லை.

இரௌரவாகமம் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனத்தாரால், என். ஆர். பட் என்னும் வடமொழிப் புலவர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபடி, 1961, 1972, 1988 ஆகிய யாண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்துளது. அவற்றைத் தேடிப்பெற்றுப் படலந்தோறும் நோக்கினேன். நூலிற் பெரும்பகுதி கிரியை பற்றியது. ஞானபாதமாக உள்ளது சிறிதே. போதத்தின் முதனூல் எனப்படும் பன்னிரு சுலோகங்கள் அவற்றுள் யாண்டும் இல்லை.

காணாதபோது என் மனம் முதற்கண் செய்தது யாதென்பதை மறையாது கூறுகின்றேன். "ஆகமங்களிற் பெரும்பாலன அழிந்தொழிந்தன, அப்படலமும் அழிந்த பகுதியில் இருந்திருக்கும்" என்று அது விரைந்து ஓர் அமைதி கண்டது. அவ்வமைதி மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அதனை யான் கைக்கொண்டது அது மெய்யென்று தெளிந்தமையால் அன்று. என் பழைய பாடத்தைக் காக்க உதவிற்று என்பதனாலேயாம். அழிந்த ஏட்டில் இருந்தது என்று கூறுவார்க்கு எதனையும் அவ்வேட்டில் வைத்தல் கூடும். நம்மோடு மாறுபடுவானொருவன் தன் கொள்கையும் அழிந்த காமிகத்தில் இருந்தது என்பானாயின், அவனை யாம் எவ்வாறு மறுப்பேம்?

இவ்வழக்கை அளவை நெறியில் வைத்து நோக்குவார் முதலிற் செய்யத்தக்கது மேற்கோளைப் பிரித்தல். மூன்று மேற்கோள்கள் ஒன்றாய்ப் பிணைந்து கிடக்கின்றன. வடமொழிப் பன்னிரு சுலோகமும் இரௌரவத்தின் பகுதி என்பது ஒன்று. தமிழ்ப் போதம் அச்சுலோகங்களின் மொழிபெயர்ப்பு என்பது மற்றொன்று. தமிழ்ப் போதத்தின் பொருள் சைவாகமங்களின் துணிபு என்பது வேறொன்று. முதலது வீழ்ந்தாலும் இரண்டாவது நிற்றல் கூடும். சுலோகங்கள் வேறிடத்தனவாய் இருந்தும் மூலமாய் இருக்கலாம். முதலிரண்டும் வீழ்ந்தாலும் மூன்றாவதற்கு ஊறு ஒன்றும் இல்லை. முப்பொருள் உண்மை, மலம் அநாதியாதல், தீக்கையால் மலநீக்கம் என்பன ஓராகமத்து ஒரு படலத்தை மட்டும் பற்றி நிற்பன அல்ல. சத்தியோஜோதி சிவாசாரியர் இரௌரவக் கொள்கையை அடியொற்றி இயற்றிய போககாரிகை, மோக்ஷகாரிகை என்னும் நூல்கள் இன்றும் அட்டப்பிரகரணத்துட் கிடைக்கின்றன. அவற்றைப் போதத்தோடு ஒத்துநோக்கி உடன்பாடும் வேறுபாடும் காண்பது யார்க்கும் இயலும். ஆயினும் ஒரு சாரார் முதன்மேற்கோளை ஐயுற்றால் சித்தாந்தமே ஆட்டங்கொள்ளும் என்று அஞ்சுகின்றனர். மற்றொரு சாரார் அதனை மறுத்துவிட்டமையால் ஆகமத் தொடர்பையே அறுத்துவிட்டதாக மகிழ்கின்றனர். இருவர்க்கும் பிழை ஒன்றே.

இனி, மொழிபெயர்ப்பு என்பார் காட்டும் சான்றுகள். சிறப்புப்பாயிரம் அவற்றுள் முதன்மையானது. நந்தி தேவர் முனிவர்களுக்கு அளித்த சிவஞானபோதத்தை வெண்ணெய்ச் சுவேதவனர் உரைத்தார் என்பது அதன் கருத்து. இது தள்ளத்தக்க சான்றன்று. நூலின் முகப்பிலேயே நின்று, நூற்பொருள் நந்தி மரபின் வழித்து என்று கூறுகின்றது. ஆனால் "உரைத்தோன்" என்னும் சொல் எவ்வளவு பொருளைத் தாங்கும் என்பதை அளந்தே கொள்ளல் வேண்டும். தொல்காப்பியனார் வழிநூலை நால்வகையாக்கி, மொழிபெயர்ப்பினை அவற்றுள் ஒன்றாகத் தனித்து எண்ணினார். மொழிபெயர்த்தலைக் குறிக்கத் தனிச்சொல் வழங்கிய மொழியில், பாயிரஞ் செய்தார் அச்சொல்லைக் கூறாது பொதுச்சொல்லாற் கூறினார். பொதுச்சொல் சிறப்புப்பொருளை விலக்காது, நிறுவவும் நிறுவாது. ஆகலின் பாயிரம் மூன்றாம் மேற்கோளுக்கு வலிய சான்று; இரண்டாவதற்கு மெலிய சான்று; இரௌரவம் என்னும் பெயரே அதன்கண் இன்மையின் முதலாவதற்குச் சான்றே அன்று.

அடுத்தது உரையாசிரியர் சான்று. வடமொழிச் சூத்திரங்களுக்குச் சூரியனார்கோயில் ஆதீனத்துச் சிவாக்கிர யோகிகள் விரிவும் சுருக்கமுமாக வடமொழியில் உரைவகுத்தனர். அவர் 16ஆம் நூற்றாண்டினர். மெய்கண்டாரோ 13ஆம் நூற்றாண்டினர். மாபாடியம் அருளிய சிவஞான யோகிகள் 1785-இற் சிவப்பேறு எய்தினர். இடையே உமாபதி சிவனார் சங்கற்ப நிராகரணத்துட் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313, என்று காலங்குறித்துதவினமையின், மெய்கண்டார்க்கும் முதல் வடமொழி உரைகட்கும் நடுவில் எத்துணை நெடுங்காலம் கிடக்கின்றது என்பதை யாம் அளந்தறிய இயல்கின்றது. சிவாக்கிர யோகிகள் காலத்தில் அச்சுலோகங்கள் பெருமதிப்புடன் வழங்கின என்பதற்கு அவருரை ஐயமற்ற சான்று. அதற்கு முந்நூறாண்டின் முன்னர் அவை இருந்தன என்பதற்கு அது தானே சான்றாகாது.

மூன்றாவது, ஒப்புமை. வடமொழியிற் பன்னிரண்டு, தமிழிற் பன்னிரண்டு. பொருளும் வரிசையும் ஒக்கின்றன. முதற்சூத்திரத்தில் வடமொழி உலகத்தைப் பெண், ஆண், அலி என்று பகுக்கும். தமிழ் தன் இலக்கணத்துக்கேற்பச் சுட்டுப்பெயர் மூன்றாற் பகுக்கும். இதனைக் காட்டி, வடமொழியைத் தமிழ்வழக்கிற்கு ஏற்ப மாற்றியுளார் என்பர் ஒரு சாரார். இதனையே காட்டி, தமிழிலக்கண வழக்கினை வடமொழியிற் கூற முயன்றுளார் என்பர் மற்றொரு சாரார். மேலே கூறிய அநைகாந்திகத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு யான் கண்டிலேன். இரு நூலுக்குள் உறவு உண்டென்பதை ஒப்புமை நிறுவும். எது தாய், எது சேய் என்பதை நிறுவாது.

இத்துணையும் கூறியது கொண்டு, தமிழே முதனூல் என்பார் பக்கம் யான் சாய்ந்தேன் என்று எண்ணற்க. அவர் கூறும் ஏதுக்களையும் அத்துலைக்கோலிலேயே இடல் வேண்டும். "தமிழ்ச் சூத்திரங்கள் செறிவும் ஆழமும் மிக்கன, வடமொழிச் சுலோகங்கள் அத்துணைச் சிறந்தன அல்ல, ஆகலின் தமிழே முதல்" என்பது அவர் பெரிதும் விரும்பும் வாதம். சிறப்புடைமை முதனூலாதற்கு ஏது எனின், கம்பர் செய்த இராமகாதை என்னாம்? அது வழிநூல் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அதன் சிறப்பிலும் ஐயமில்லை. ஏது விபக்கத்திற் சென்று பொருந்திவிட்டது. எதிர்ப்பக்கத்தாருட் சிலர், "வடமொழியில் உளதாகலின் அதுவே முந்தியது" என்று நூலின் மொழியையே ஏதுவாக்குவர். கைவல்லிய நவநீதம் தமிழிற் பிறந்து வடமொழியிற் பெயர்க்கப்பட்டது. திருக்குறளும் அவ்வாறே பெயர்க்கப்பட்டது. மொழி நோக்கி முந்துபிந்து கூறுதல் இருவர்க்கும் ஆகாது.

இவ்விடத்து ஒன்று கூறாது விடுதல் இயலவில்லை. நம் மடங்களிலேயே, போதம் முதனூல், சித்தியார் வழிநூல், சிவப்பிரகாசம் சார்புநூல் என்று மாணாக்கர்க்கு ஓதுவித்து, அடுத்த மூச்சிலேயே போதம் மொழிபெயர்ப்பு என்றும் ஓதுவிக்கின்றோம். தமிழிலுள்ள சித்தாந்த சாத்திரங்களை மட்டும் நோக்கி முதனூல் என்றது என அமைதி கூறலாம், அமைதி நன்றே. ஆயினும் இரண்டையும் ஒருங்கு கேட்கும் மாணாக்கன் ஒருவனேனும் இது யாங்ஙனம் என்று வினவாதிருப்பானாயின், அவனுக்கு அளவைப்பாடம் சென்றடைந்திலது என்பது தெளிவு.

அநுபலத்திக்கு மீள்வாம். அச்சிட்ட இரௌரவத்திற் சுலோகங்கள் காணப்படாமை, அவை இரௌரவத்தில் என்றும் இல்லாமையைக் காட்டுமோ? காணாமை இன்மையைக் காட்டுவது, இருந்தாற் காணப்படத்தக்க பொருளிடத்தேயாம். பகலில் ஒளிநிறைந்த அறையிற் குடத்தைக் காணாமையாற் குடமின்மை துணியப்படும். இருளறையில் அங்ஙனம் துணிதல் ஆகாது. அச்சிட்ட இரௌரவம் ஒளியுடைய அறையோ, இருளறையோ? முழுநூல் ஏடு கைவந்து, அதன் படலத்தொகை மரபிற் கூறிய தொகையோடு ஒத்திருப்பின் ஒளியறை என்க. கிடைத்த ஏடுகள் முழுமையாக இன்மையின், அறையின் ஒரு மூலை இருண்டே கிடக்கின்றது. எனவே "இரௌரவத்தில் இல்லவே இல்லை" என்று அடித்துரைப்பார் தம் ஏதுவின் ஆற்றலைக் கடந்து செல்கின்றனர். "கிடைத்துள்ள இரௌரவத்தில் இல்லை" என்பதே காண்டலளவை தருவது. இவ்விரண்டற்கும் இடையேயுள்ள வேற்றுமை சிறிதன்று. ஆயினும் நிறுவும் கடன் யாரது என்பதும் உடன் நோக்கப்படும். உண்டு என்பான் காட்டுதற்குக் கடன்பட்டவன். இல்லை என்பான் எல்லா மூலையையும் துழாவிக் காட்டுதற்குக் கடன்பட்டவன் அல்லன்.

அற்றேல், மாபாடிய முடையார் கூற்றை ஐயுறுதல் குருநிந்தை ஆகாதோ எனின், ஆகாது. அம்முனிவர் பெருமான் தாமே தொல்காப்பியச் சூத்திர விருத்தியில் இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலிய பேருரையாளர் கொள்கைகளை எடுத்து, ஏதுக்காட்டி மறுத்தார். அவர்கள்பால் அவருக்கு மதிப்பு இல்லை என்று யாரும் கூறார். பதிபசுபாச இலக்கணங்களில் அவர் காட்டிய நெறி நமக்கு ஆப்தவாக்கியமாய் நிற்க, ஓரேடு எங்கிருந்து வந்தது என்பது ஏடுகளை நோக்கி அறியப்படும் பொருளாம். காண்டலுக்கும் கருதலுக்கும் எட்டாத பொருளிடத்தே உரையளவை தலைமை பெறும். ஏட்டின் வரலாறு அவ்விரண்டற்கும் எட்டுவது. அவர் காலத்தில் அச்சிட்ட இரௌரவம் இருந்திலது. தமக்குக் கிடைத்த மரபினை அவர் உள்ளவாறு கூறினார். நமக்குக் கிடைத்ததை யாம் உள்ளவாறு கூறாமை அவரை வழிபடும் முறை ஆகாது.

அங்ஙனமாயினும், இவ்வாராய்ச்சி இளைஞர் உள்ளத்திற் பற்றினைத் தளர்த்தும் என்று அன்பர் ஒருவர் என்னிடம் வருந்திக் கூறினர். அவர் வருத்தம் பொய்யன்று. ஒன்றை ஐயுறக் கற்றவன் எல்லாவற்றையும் ஐயுற்றொழிவதை யானும் கண்டுளேன். ஆனால் பரபக்கத்தை நினைத்துப் பார்த்தல் வேண்டும். உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கைகளை அருணந்தி சிவாசாரியர் முதலில் அவரவர் கூறுமாறே விரித்துக் கூறிப் பின்னரே மறுக்கின்றார். உனக்கு அளவை யாது என்று அவர்களை வினவியவர் நாம். அக்கோலை நம் வாயிலில் வெளியே சார்த்திவிட்டு உள்ளே புகுவோமாயின், அவர்கள் மீண்டு வந்து வினவும்போது விடை இராது. என் மாணாக்கன் வினவினான். "பெரியோர் கூறியுளர்" என்ற என் விடையினால் அவன் பற்று வளர்ந்தது என்று யான் நினைக்கவில்லை. மறுவாண்டு அச்சிட்ட தொகுதிகளை அவன்முன் வைத்து, யான் கூறியது ஐதிகம், இதுவரை ஏட்டிற் கண்டிலேன் என்று கூறினேன். அவன் அன்று முதல் அளவைச் செய்யுட்களைத் தானே வருந்திப் படிக்கலானான்.

இப்போது யான் பாடஞ்சொல்லும் முறை இது. போதத்தின் பொருள் சைவாகமத் துணிபு என்பதை ஐயமின்றிக் கூறுகின்றேன். தமிழ்ச் சூத்திரங்களுக்கும் வடமொழிச் சுலோகங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டென்றும், எது முந்தியது என்பது துணியப்பட்டிலது என்றும் கூறுகின்றேன். இரௌரவத்துப் படலம் என்பதனை மரபுரை என்று பெயரிட்டுக் கூறுகின்றேன். மூன்றையும் ஒரே குரலிற் கூறுவதில்லை.

இத்துணிபு மாறுதற்கு யாது வேண்டும் என்பதும் கூறிவிடுதல் முறை. மெய்கண்டார்க்கு முற்பட்ட ஆசிரியர் ஒருவர் அப்பன்னிரண்டனுள் ஒன்றனையேனும் இரௌரவம் என்று பெயர்கூறி எடுத்தாண்டது காணப்படின், முதன்மேற்கோள் பெருவலி பெறும். கிரியாக்கிரம த்யோதிகையைச் சகம் 1080-இல், அஃதாவது கி.பி. 1158-இல், இயற்றிய அகோரசிவாசாரியர் நூல்களும் உரைகளும் இதற்கென ஒருவராற் சொல்தோறும் நோக்கத்தக்கன. முழு இரௌரவ ஏடொன்றில், முன்னும் பின்னும் பிற படலங்கள் தொடர்ந்து வர, நடுவே அப்படலம் காணப்படினும் வழக்குத் தீரும். பன்னிரு சுலோகங்கள் மட்டும் தனியே எழுதி இறுதியில் இரௌரவத்துள்ளன என்று குறித்த ஏடு இதற்குப் போதாது. ஏனெனில், அக்குறிப்பு மெய்யோ என்பதே இங்கு வினாவாய் நிற்கின்றது.

புதுச்சேரியில் தொகுக்கப்பட்ட சைவ ஏடுகளை 2005-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தார் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தனர். அத்தொகுப்பிற் சேராது ஆதீனங்களிலும், சிவாசாரியர் இல்லங்களிலும் கட்டவிழாத கட்டுக்கள் இருத்தல் கூடும். இரௌரவம் என்று பெயர் பொறித்த ஏடு உடையார், அதன் படலப் பெயர்களை ஏட்டில் உள்ள முறையிலேயே, திருத்தம் ஒன்றும் செய்யாது எழுதி இப்பத்திரிகைக்கு விடுக்குமாறு வேண்டுகின்றேன். ஏட்டின் முதலும் ஈறும் சிதைந்திருப்பின் அதனையும், எழுதினோன் பெயரும் யாண்டும் இருப்பின் அவற்றையும் உடன் குறித்தல் வேண்டும்.